அக்காவுக்குக் கேட்ட மாத்திரை தங்கச்சிக்கு ஏன் கேட்கவில்லை?

ஹட்டன் பக்கத்தில் பாமசியில் நிற்கிற எனக்கு வாரம் தவறாமல் காதில் விழுகிற பேச்சு, "மிஸ், அந்த வலி மாத்திர எனக்குக் கேக்கல்ல" என்பதுதான். சொல்கிறவர்களில் பாதிப் பேர் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற பெண்கள். மழையிலும் பனியிலும் மேட்டில் ஏறி இறங்கி, நாரி, தோள்பட்டை, முழங்கால் எல்லாம் போனவர்கள். வீட்டில் போய் அதையே சொன்னால் "நடிக்கிறா" என்கிறார்கள். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், விழும் என்று தெரிந்தும், சம்பளத்தை விட்டுவிட்டு யார் அம்மா நடிப்பார்கள்? அவர்கள் சொல்வது பல நேரம் அப்படியே உண்மை. அதற்குக் காரணம் உடம்புக்குள், பிறக்கும்போதே கூட வந்த மரபணுவில் இருக்கலாம்.

ஒரே லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், இருக்கிற அக்கா, தங்கச்சி இரண்டு பேருக்கும் டிரமடோல் என்ற வலி மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அக்கா அரை நாள் எழும்ப முடியாமல் தூங்கி வழிந்தார். தங்கச்சிக்கு வயிற்றைப் பிரட்டியதே தவிர வலி குறையவில்லை. "ரெண்டு பேரும் ஒரே மாத்திரதானே மிஸ், ஒரே கவர்தானே" என்று தங்கச்சி இரண்டு கவரையும் மேசையில் வைத்துக் காட்டினார். கவர் சரிதான், அளவும் சரிதான். மரபணுச் சோதனை செய்யாமல் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. ஆனால் மருந்தியல் புத்தகத்தில் படித்தது அச்சு அசலாகக் கண் முன்னே நின்றது.

விஷயம் இதுதான். கோடீன் என்ற இன்னொரு வலி மருந்து, டிரமடோல் இரண்டும் விழுங்கியவுடனே முழுப் பலத்தோடு வேலை செய்கிற மருந்துகள் இல்லை. பச்சைக் கொழுந்து ஃபெக்டரிக்குப் போய்த்தான் தேயிலைத் தூளாகிற மாதிரி, இவையும் ஈரலுக்குப் போய் மாறினால்தான் வலிக்குச் சரியாகக் கேட்கும். கோடீனில் ஒரு சிறு பங்கு, பத்தில் ஒன்று அளவோ அதைவிடக் குறைவோ, அங்கே மோர்பின் என்ற பலமான வலி மருந்தாக மாறுகிறது. கோடீனின் வலி நிவாரணம் பெரும்பாலும் அந்தச் சிறு பங்கில்தான் தங்கியிருக்கிறது. மாற்றிக் கொடுக்கிற நொதியத்துக்கு (என்சைமுக்கு) பெயர் சிப்-2டி6 (CYP2D6). அதைச் செய்யச் சொல்கிற மரபணு அம்மாவிடம் ஒன்று, அப்பாவிடம் ஒன்று என்று நமக்கு வருகிறது. இரண்டுமே வேலை செய்யாத வகையாக அமைந்துவிட்டால் கோடீன் மோர்பினாக அநேகமாக மாறாது, வலி சரியாகப் போகாது. டிரமடோல் மாறாவிட்டாலும் கொஞ்சம் வேலை செய்யும், ஆனால் வலி சரியாகக் குறையாமல் குமட்டலும் தலைச்சுற்றலும் மட்டும் மிஞ்சலாம். சிலருக்கு இந்த மரபணு இரண்டுக்கு மேலேயே இருக்கும். அவர்கள் உடம்பில் மாற்றம் வேகமாக நடந்து, சாதாரண அளவே அளவு மிஞ்சிப் போகும், தூக்கம், குழப்பம், கடைசியில் மூச்சு மந்தம் வரைக்கும் போகலாம். கூடப் பிறந்தவர்களுக்கு ஒரே சோடி வந்துதான் ஆகவேண்டும் என்று இல்லை, அதனால்தான் ஒரே வீட்டிலேயே இத்தனை வித்தியாசம்.

இது எப்படித் தெரியவந்தது என்பதும் சொல்ல வேண்டிய கதை. 1975இல் லண்டனில் ரொபர்ட் ஸ்மித் என்ற விஞ்ஞானி, டெப்ரிசோகுயின் என்ற பிரஷர் மருந்தைத் தன் சகாக்களோடு சேர்ந்து தானும் விழுங்கிப் பார்த்தார். மற்றவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, அவருக்கு மட்டும் பிரஷர் விழுந்து நிற்கவே முடியாமல் போனது. அந்த மருந்தை உடைக்கிற வேலையையும் இதே நொதியம்தான் செய்கிறது, அவர் உடம்பில் அது வேலை செய்யவில்லை. மருந்து படித்த ஒருவரையே இப்படிச் சாய்த்துவிட்டது என்றால், நம்ம ஆட்கள் "மாத்திர தலைய சுத்துது" என்று சொல்லும்போது கொஞ்சம் காது கொடுத்துக் கேட்கலாமே.

நான் மிகவும் பயப்படுகிற ஒன்று, காம்பராவுக்குக் காம்பரா மாத்திரை கைமாறுகிற பழக்கம். "எனக்கு நல்லாக் கேட்டிச்சு, நீயும் ஒண்ணு போடு" என்பது அன்பில் சொல்வதுதான், எனக்குத் தெரியும். ஆனால் உங்களுக்குச் சுகம் தந்த அளவு அடுத்த வீட்டுப் பிள்ளையின் மூச்சை அடக்கிவிடலாம். இதில் பிள்ளைகளும் பால் கொடுக்கிற தாய்மாரும் தனி ரகம். டொன்சில் எடுத்த பிறகு கோடீன் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் சிலர் இறந்ததால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் கடுமையான எச்சரிக்கை போட்டது. 2017இல், 12 வயதுக்குக் கீழே வலிக்கு கோடீனும் கூடாது, டிரமடோலும் கூடாது என்றே சொல்லிவிட்டது, பால் கொடுக்கும் தாய்மாரும் தவிர்க்கச் சொன்னது. தாய் போட்ட மாத்திரை பாலில் இறங்கும். பிள்ளை வழக்கத்துக்கு மீறித் தூங்கினாலோ, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, விடியட்டும் என்று பார்க்காதீர்கள், ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பெரியவர்களின் கோடீன் இருமல் மருந்தும் இதே கணக்கில்தான் வரும்.

அப்புறம், மரபணு நன்றாக இருந்தாலும் இன்னொரு மாத்திரை அந்த நொதியத்தைக் கட்டிப்போடலாம். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற ஃபுளுவொக்செடின் அப்படிப்பட்டது. அதோடு டிரமடோல் சேர்ந்தால் வலி சரியாகக் குறையாது என்பது மட்டுமில்லை, வலிப்பு, நடுக்கம், காய்ச்சல் வருகிற ஆபத்தும் கூடும். மனநல கிளினிக்குக்குப் போவதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு மறைக்கிற பலரைப் பார்த்திருக்கிறேன். கூட்டமாக இருந்தால் ஓரமாக வந்து மெதுவாகச் சொல்லுங்கள், அல்லது மாத்திரைக் கவரை மட்டும் காட்டுங்கள், போதும்.

ஐபுபுரோஃபன், மெலொக்சிகாம் போன்றவற்றை உடைப்பது சிப்-2சி9 என்ற வேறொரு நொதியம். அது மந்தமாக இருக்கிறவர்கள் தெற்காசியாவில் அபூர்வம் கிடையாது. அவர்களுக்கு மருந்து உடம்பில் அதிக நேரம் தங்குவதால் வயிற்றுப்புண், இரத்தக்கசிவு, சிறுநீரகப் பாதிப்பு வருகிற ஆபத்து கூடலாம். வெறும் வயிற்றில் தேத்தண்ணியோடு இரண்டிரண்டாகப் போட்டுக்கொண்டு மலைக்கு ஓடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முகத்தில் கரண்ட் அடிக்கிற மாதிரி வருகிற நரம்பு வலிக்கு கார்பமசபின் கொடுப்பார்கள், நல்ல மருந்து. ஆனால் எச்.எல்.ஏ-பி 15:02 என்ற மரபணு வகை இருக்கிறவர்களில் சிலருக்கு அது தோலையே உரித்துவிடுகிற கொடிய ஒவ்வாமையைக் கொண்டுவரும். இந்த வகை ஆசிய மக்கள் சிலரிடம் அதிகம் என்பதால், சிங்கப்பூரில் 2013 முதல் புதிதாக அந்த மருந்தைத் தொடங்குகிற ஆசிய வம்சாவளியினருக்கு முதலில் மரபணுச் சோதனை செய்கிறார்கள். இங்கே அது வழக்கத்தில் இல்லை. அதனால் நம்மிடம் இருப்பது கண் மட்டும்தான். மருந்து தொடங்கிய முதல் இரண்டு மாதத்தில் காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, உடம்பில் தடிப்பு வந்தால், அதை அம்மாள் வருத்தம் என்று நினைத்து வேப்பிலை வைத்துப் படுக்கப் போடாதீர்கள். அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வலி மாத்திரை கேட்கவில்லை என்றால் நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள். பரசிட்டமோலுக்கு சிப்-2டி6 தேவையில்லை, ஆனால் அதற்கும் எல்லை உண்டு, பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல் கூடாது, மெலிந்தவர்கள், குடிக்கிறவர்கள் என்றால் அதைவிடக் குறைவு. டொக்டரிடம் திரும்பப் போங்கள். மாற்று வழிகள் இருக்கின்றன, மோர்பினுக்கே கூட இந்த மாற்று வேலை வேண்டியதில்லை. "வேல செய்யல்ல" என்று மட்டும் சொல்லாமல், எந்த மாத்திரை, எத்தனை போட்டீர்கள், எவ்வளவு நேரத்தில் என்ன நடந்தது என்று சொன்னால் அவருக்குப் பிடி கிடைக்கும். அதையே கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். மருந்தின் பெயரை இங்கிலீஷில் எழுதித் தரும்படி பாமசியில் கேளுங்கள், எழுதித் தருவோம். கண்டிக்கு அனுப்பினாலும் பதுளைக்கு அனுப்பினாலும் பார்க்கிற டொக்டருக்கு உடனே விளங்கும். ஒப்பரேஷனுக்குத் திகதி கிடைத்திருந்தால், மயக்க மருந்து டொக்டர் பார்க்க வரும்போது அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறந்து காட்ட வேண்டும்.