சோலார் ஃபார்ம்: பண்ணை அல்ல, மின் நிலையம்

ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் உள்ள சோலார் மின் நிலையம் பற்றிய செய்தியா, உடனே ஆங்கில ‘சோலார் ஃபார்ம்’ என்பதை ‘சூரியப் பண்ணை’ என்று எழுதிவிடுகிறார்கள். இந்தச் சொல்லை விட்டுத்தொலைத்தால் நல்லது.

சோலார், லத்தீனில் சூரியனைக் குறிக்கும் ‘சோல்’ வழி வந்தது. ஃபார்மும் லத்தீன்தான், ‘ஃபிர்மா’ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், முதலில் குத்தகைப் பணம், அப்புறம் குத்தகை நிலம், கடைசியில் விளைநிலம் என்று பொருள் மாறியது. எண்ணெய்த் தொட்டிகள் வரிசையாக நின்றாலும் ஆங்கிலத்தில் அது ஃபார்ம்தான்.

தமிழ்ப் பண்ணை அப்படி இல்லை. கோழிப்பண்ணை, மீன்பண்ணை, பால்பண்ணை என எதை எடுத்தாலும் முன்னால் நிற்கும் சொல் அங்கே வளர்வதை அல்லது கிடைப்பதைச் சொல்கிறது. சூரியனை யார் வளர்க்கிறார்கள்? ‘கதிர்ப்பண்ணை’ இன்னும் மோசம், நெற்கதிர்தான் கண்ணில் தெரியும். 2016-ல் கமுதியில் சுமார் 2,500 ஏக்கரில் எழுந்தது 648 மெகாவாட் திறனுள்ள மின் நிலையம்: தகடுகள் வெளிச்சத்தை நேர்மின்னோட்டமாக்கும் (டி.சி.), இன்வெர்ட்டர் அதை மாறுமின்னோட்டமாக்கும் (ஏ.சி.), அங்கிருந்து மின்கட்டமைப்புக்குப் போகும். அனல் மின் நிலையம், நீர்மின் நிலையம், அணுமின் நிலையம் என்று வரிசையாகச் சொல்லிப் பழகியவர்களுக்கு ‘சூரிய மின் நிலையம்’ என்றால் விளக்கமே வேண்டாம். முப்பந்தலில் நிற்பவற்றைக் காற்றாலை என்றுதானே ஊரில் சொல்கிறோம், ‘காற்றுப்பண்ணை’ என்று யாருக்கும் வாயில் வரவில்லையே.

பண்ணை என்ற சொல் நமக்கு வேறோர் இடத்தில் தேவைப்படுகிறது, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். தகடுகளை உயரத்தில் நிறுத்தி அடியில் பயிர் செய்யும் முறை வந்துவிட்டது; அதுதான் உண்மையில் சூரிய மின் பண்ணை. எல்லாவற்றுக்கும் இந்தப் பெயரை வைத்துவிட்டால் நாளைக்கு அதை என்னவென்று சொல்வது? விளைச்சல் நின்றுபோன நிலத்தைப் பண்ணை என்பது அந்த மாற்றத்தையே மறைக்கவும் செய்கிறது.

‘சோலார் பார்க்’கைச் சொல்லும் ‘சூரியப் பூங்கா’வும் இதே கோளாறுதான். கர்நாடகத்தின் பாவகடாவில் விவசாயிகளிடம் குத்தகைக்கு எடுத்த சுமார் 13,000 ஏக்கரில், சாலையும் மின்தடமும் பொதுவாக அமைத்து, பல நிறுவனங்கள் தனித்தனியே நிலையம் போட்டிருக்கின்றன. அது வளாகம், சூரிய மின் வளாகம். பூச்செடியும் இல்லை, ஊஞ்சலும் இல்லை. மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் ஃபார்முக்கும் பார்க்குக்கும் முதலில் கிடைக்கும் சொல்லை ஒட்டிவிட்டுப் போகாமல், அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று ஒரு தடவை கேட்டுவிட்டு எழுதட்டும். அதுவும் முடியாவிட்டால் ‘சோலார் மின் நிலையம்’ என்றே எழுதுங்கள், எனக்கு மறுப்பில்லை.