வாலண்டியர் – தன்னார்வலர்

ஊர்க் கபடிப் போட்டியோ நகரத்து மாரத்தானோ, 'வாலண்டியர்' இல்லாமல் எதுவும் நடப்பதில்லை. சொல்லின் வேர் லத்தீன். 'வொலுன்டாஸ்' என்றால் விருப்பம். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, 1600 வாக்கில், யாரும் கட்டாயப்படுத்தாமல் தானாகப் படையில் சேர்ந்தவரைக் குறித்தது. கூலி வாங்காமல் பொதுவேலை செய்பவர் என்ற பொருள் அப்புறம் வந்ததுதான்.

தமிழில் 'தொண்டர்' பழைய சொல். சுந்தரர் சிவனடியார்களைப் போற்றிப் பாடிய பதிகத்துக்கே திருத்தொண்டத்தொகை என்றுதான் பெயர். ஆனால் தமிழ்நாட்டில் இன்று தொண்டர் என்றதும் கட்சிக்காரர்தான் நினைவுக்கு வருவார் (இலங்கையில் அப்படியில்லை, தொண்டர் ஆசிரியர் என்று இயல்பாகச் சொல்வார்கள்). அதனால் விளையாட்டுக் குழுவுக்கு என் தேர்வு தன்னார்வலர். தன் + ஆர்வலர். இந்த ஆர்வலர் நேற்று செய்த சொல் இல்லை, 'ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்' என்று 71ஆம் குறளிலேயே இருக்கிறது, அங்கே அன்புடையவர் என்று பொருள். பலர் 'தன்னார்வளர்' என்று எழுதுகிறார்கள், அது பிழை.

பேச்சுவழக்கில் 'வாலண்டியராகப் போய் மாட்டிக்கொண்டான்' என்கிறோமே, அதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கை தூக்கியவர் தலையிலேயே பந்து வாங்குவது, மைதானம் பிடிப்பது, வசூல், கணக்கு என்று எல்லாவற்றையும் கட்டிவிடுகிறோம், அடுத்த வருடம் அவர் போனை எடுப்பதில்லை. விரும்பி வந்தவரிடம் அந்த விருப்பத்தைத் தீர்த்துவிட்டால் அப்புறம் எந்தப் பெயரில் கூப்பிட்டு என்ன?

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள், பூங்காக்களில் வாராவாரம் 'பார்க்ரன்' என்ற ஓட்டத்தை நடத்துபவர்கள். பால் சின்டன்-ஹியூவிட் என்பவர், காயம்பட்டு ஓட முடியாமல் இருந்த நேரத்தில், 2004 அக்டோபர் 2 அன்று லண்டன் புஷி பார்க்கில் தொடங்கியது. முதல் நாள் ஓடியவர்கள் 13 பேர், உதவியவர்கள் 5 பேர். இன்று பல நாடுகளில் சனிக்கிழமைதோறும் 5 கி.மீ., கட்டணம் கிடையாது, களத்தில் நிற்பவர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள். வேலைகளைச் சின்னச் சின்னதாகப் பிரித்துவிட்டார்கள்: நேரம் குறிக்க ஒருவர், பார்கோடு ஸ்கேன் செய்ய ஒருவர், வளைவில் நின்று வழிகாட்ட ஒருவர். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவதற்கென்றே ஒருவர் இருப்பது. கடைசி இடம் எப்போதும் அவருக்குத்தான், அதனால் மெதுவாக ஓடுபவர் யாரும் 'நான்தான் கடைசி' என்று கூச வேண்டியதில்லை. ஓட முடியாத வாரத்தில் இப்படி ஒரு வேலையை எடுத்துக்கொள்ளலாம், அடுத்த வாரம் மறுபடி ஓடலாம். 25 முறை உதவியவர் அதைச் சொல்லும் டி-சர்ட் போட்டுக்கொள்ளலாம்.

நம் வாட்ஸ்அப் குழுக்களில் 'தன்னார்வலர்கள் தேவை' என்று மொட்டையாகப் போட்டால் கும்பிடு எமோஜிதான் வரும். 'ஞாயிறு காலை 6 முதல் 7 வரை, கோடு போட ஒருவர், ஸ்கோர் எழுத ஒருவர்' என்று எழுதுங்கள், அந்த ஒரு மணி நேரம் முடிந்ததும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.