நண்பரின் வேட்டை நாய் உங்கள் வீட்டில் தங்க வருகிறதா?

பொங்கலுக்கும் மே மாத விடுமுறைக்கும் முன்னால் எங்கள் கிளினிக்குக்கு ஒரே மாதிரியான போன்கள் வரும். "டாக்டர், ஃபிரெண்டு வெளியூர் போறான். அவன் ரெஸ்க்யூ பண்ணின சிப்பிப்பாறையை எங்க வீட்ல விட்டுட்டுப் போறான். சாப்பாடு என்ன குடுக்கணும்?" சாப்பாட்டைக் கேட்பவர்கள் வாசல் கதவைப் பற்றிக் கேட்பதில்லை. தற்காலிகமாக ஒரு வீட்டில் தங்க வந்த வேட்டை நாய்களில் நான் மிக மோசமான நிலையில் பார்த்தவை பெரும்பாலும் கேட் வழியாக ஓடி வண்டியில் அடிபட்டவைதான். அதனால் கதவிலிருந்தே தொடங்குகிறேன்.

சிப்பிப்பாறை, கன்னி இரண்டும் கரிசல் காட்டு நாய்கள். கோவில்பட்டி, சாத்தூர் வட்டாரத்தில் முயல் பிடிக்கவென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்தவை. மூக்கை விடக் கண்ணை நம்பி வேட்டையாடும் இனங்கள். தூரத்தில் ஒன்று அசைந்தால் போதும், பாய்ந்துவிடும். நீங்கள் கூப்பிடுவது அந்த நேரத்தில் அதன் காதில் ஏறாது. முயல் வேட்டை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இருந்தும் இரவில் திருட்டுத்தனமாக நடக்கிறது. கால் ஒடிந்தாலோ ஓட்டம் குறைந்தாலோ அந்த நாயை ரோட்டோரம் விட்டுவிட்டுப் போகிறார்கள். அப்படி ஒன்றை எடுத்து, தேற்றி, பழக்கியிருக்கிறார் உங்கள் நண்பர். அது நம்புவது அவர் ஒருவரைத்தான். உங்கள் வீட்டுக்கு வரும் நாளில் அந்த ஒருவரும் அதற்கு இல்லாமல் போகிறார்.

இந்த நாய்களுக்குத் தலை குறுகல், கழுத்து தடிமன். சாதாரணக் கழுத்துப் பட்டை, பின்னுக்கு ஓர் இழுப்பு இழுத்தால் காது வழியாக உருவிக்கொண்டு வந்துவிடும். இழுத்தால் அளவோடு இறுகும் மார்ட்டிங்கேல் பட்டை ஒன்று, உடம்பைச் சுற்றிய ஹார்னஸ் ஒன்று, இரண்டுக்கும் தனித்தனிக் கயிறு. அதிகம் என்று தோன்றும், ஆனால் முதல் வாரங்களில் நான் இதில் விட்டுக்கொடுப்பதே இல்லை. கயிறு இல்லாமல் மொட்டை மாடியிலும் விடாதீர்கள். பக்கத்து வீட்டுச் சுவரில் அணில் ஓடினால் கைப்பிடிச் சுவரை அது ஒரு தடையாகவே நினைக்காது. கேட்டைத் திறக்கும் முன் நாய் இருக்கும் அறையின் கதவைச் சாத்துவது என்று வீட்டில் எல்லோரும் ஒரே வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். பால்காரர், கூரியர், டியூஷன் விட்டு வரும் பையன் என்று நம் வீட்டுக் கதவு நாளுக்கு எத்தனை முறை திறக்கிறது என்பதை இந்த நாய் வந்த பிறகுதான் கவனிப்பீர்கள்.

பட்டையில் தொங்கும் வில்லையில் நண்பரின் எண் மட்டும் இருக்கும். அவர் விமானத்திலோ சிக்னல் இல்லாத மலையிலோ இருக்கும்போது நாயைக் கண்டெடுத்தவர் யாரை அழைப்பார்? உங்கள் எண்ணையும் அதில் பொறித்துவிடுங்கள். அல்லது பட்டையிலேயே பெர்மனன்ட் மார்க்கரால் எழுதுங்கள்.

ஓடியே விட்டதென்றால் துரத்தாதீர்கள். நாலு பேர் பைக்கில் பேர் சொல்லிக் கத்திக்கொண்டு பின்னால் போனால் அது இன்னும் வேகமெடுக்கும். கண்ணில் பட்டால் பக்கவாட்டில் திரும்பிக் குந்தி உட்காருங்கள். நேருக்கு நேர் பார்க்க வேண்டாம். ஓடிய இடத்திலேயே நண்பர் உடுத்திய துணியையும் வாசனையான கறியையும் வையுங்கள். தெரு வாட்ஸ்அப் குழுக்களில் போட்டோ போடும்போது "பிடிக்க முயல வேண்டாம், இடத்தை மட்டும் சொல்லுங்கள்" என்று சேர்த்துப் போடுங்கள். அது நண்பரின் வீடு இருக்கும் திசைக்குப் போகக்கூடும், அங்கேயும் ஆள் சொல்லி வையுங்கள்.

வீட்டில் கோழி, பூனை, முயல் இருந்தால் இந்தப் பொறுப்பை ஏற்க வேண்டாம் என்றே சொல்வேன். "எங்க பூனை தைரியசாலி" என்கிறார்கள். பூனை ஓடத் தொடங்கிய பிறகு அதன் தைரியத்தால் ஒரு பயனும் இல்லை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் தெரிவது இந்த இனங்களுக்கு இயல்பு. எதிர் வீட்டு அக்கா "பட்டினி போடுறீங்களா?" என்று கேட்பார், பிரியாணி மிச்சத்தைக் கொண்டுவந்து கொட்டுவார். கொழுப்பு நிறைந்த கறி திடீரென்று உள்ளே போனால் கணையம் வீங்கி நாய் வாந்தியில் துவண்டுவிடும். முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்தி, தொடைச் சதை வற்றியிருந்தால்தான் அது உண்மையான மெலிவு. அப்படி மெலிந்த, அண்மையில் மீட்ட நாய்க்கு ஒரே நாளில் வயிறு நிறையப் போடுவது ஆபத்து. நெடுநாள் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென உணவு சேரும்போது ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயமே நின்றுபோகலாம். சிறு சிறு அளவாகப் பலமுறை, மருத்துவர் சொல்லும் வேகத்தில்தான் கூட்ட வேண்டும். நண்பர் கொடுக்கும் அதே உணவையே தொடருங்கள். முதல் ஓரிரு நாள் அது சாப்பிடாமல் மூலையில் படுத்திருந்தால் விட்டுவிடுங்கள். தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் மட்டும் காத்திருக்காமல் கொண்டுவாருங்கள்.

ஒரு கன்னி நாய் நினைவுக்கு வருகிறது. கருத்த உடம்பு, கண்ணுக்கு மேலே பழுப்புப் பொட்டு, முன்னங்காலில் முள்வேலி கிழித்து ஆறிய நீளத் தழும்பு. பார்த்துக்கொண்டவர் வீட்டுச் சிறுமி, அது தூங்கும்போது அந்தத் தழும்பைத் தடவிக் கொடுத்திருக்கிறாள். பாவம் என்ற அன்பில்தான். நாய் திடுக்கிட்டு விழித்து அவள் புறங்கையில் பல் பதித்துவிட்டது. எங்கள் மேஜையில் நின்றபோது ஆளைக் கடிக்கும் நாயின் அறிகுறி ஒன்றுகூட அதனிடம் இல்லை. வால் வயிற்றோடு ஒட்டியிருந்தது, உதட்டை நக்கிக்கொண்டே இருந்தது. பயம், அவ்வளவுதான். மேலே கைபடத் தூங்கியே பழகாத நாய்கள் இவை. படுக்கையைக் குழந்தைகள் நடமாடாத ஓரத்தில் போடுங்கள். எழுப்ப வேண்டுமென்றால் தூர நின்று பேர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

பல் பட்டால், தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வைக்க வேண்டாம். நாயின் தடுப்பூசி அட்டையை நண்பரிடமிருந்து முதல் நாளே வாங்கி வைத்திருந்தால் அந்த நேரத்தில் பதற வேண்டியிருக்காது.

வேறு மருத்துவரிடம் காட்ட நேர்ந்தால் "இது வேட்டை நாய் இனம்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு என்பதால் தயோபென்டோன் போன்ற பழைய மயக்க மருந்துகளிலிருந்து இவை தெளிய நெடுநேரம் ஆகும். மேல்நாட்டு ஓட்ட நாய் இனமான கிரேஹவுண்டு நாய்களில் இது நன்றாக ஆராய்ந்து அறிந்த விஷயம்; அதே உடல்வாகு கொண்ட நம் நாய்களுக்கும் அதே எச்சரிக்கையை நான் கடைப்பிடிக்கிறேன். ரத்தப் பரிசோதனையிலும் குழப்பம் உண்டு. கிரேஹவுண்டுகளுக்கு இயல்பாகவே சிவப்பணு கூடுதல், தட்டணு (பிளேட்லெட்) குறைவு. நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலிலும் தட்டணு குறையும். எனவே ரிப்போர்ட்டில் ஓர் எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படவும் கூடாது, இனத்தின் இயல்பு என்று தள்ளிவிடவும் கூடாது. காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் தினமும் உண்ணி பாருங்கள். காய்ச்சல், வெளிறிய ஈறு, மூக்கில் ரத்தம், காபி நிறத்தில் சிறுநீர் இவற்றில் ஒன்று இருந்தாலும் மறுநாள் என்று தள்ளாதீர்கள்.

நொண்டுகிறது என்று நம் மருந்துப் பெட்டியிலிருந்து மாத்திரை கொடுப்பதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பயிற்சி கொடுத்து நண்பரை ஆச்சரியப்படுத்த நினைப்பவர்களும் இருக்கிறார்கள். வந்த வாரமே குளிப்பாட்டுவது, கடைத்தெருவுக்கு அழைத்துப் போவது, உறவினரை வரவழைத்துக் காட்டுவது, எதுவும் வேண்டாம். ஒரே நேரத்தில் சாப்பாடு, ஆள் குறைந்த தெருவில் ஒரே வழியில் நடை, மிச்ச நேரம் அதன் பாட்டுக்குத் தூக்கம். இவ்வளவு குறைவாகச் செய்வதுதான் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனால் நண்பர் பல மாதம் பாடுபட்டுச் சேர்த்த நம்பிக்கை இதில்தான் குலையாமல் இருக்கும்.

நண்பர் கிளம்பும் முன் இன்னொன்றையும் பேசிவிடுங்கள். நள்ளிரவில் வயிறு உப்பி அவசர அறுவை சிகிச்சை என்றால் யார் சம்மதம் சொல்வது, எவ்வளவு வரை செலவழிக்கலாம், அவர் கிடைக்காவிட்டால் யாரைக் கேட்பது? நெஞ்சுக்கூடு ஆழமான இந்த நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொண்டால் மணிக்கணக்கில் காத்திருக்க முடியாது. பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே வாங்கிக்கொள்ளுங்கள். இரவில் திறந்திருக்கும் கிளினிக் எது என்பதை, நாய் உங்கள் வீட்டுக்கு வந்து சேரும் முன்பே விசாரித்து எண்ணைப் பதிந்து வையுங்கள்.