கழுவி வைத்த டம்ளர்

இறந்தவர் கடைசியாகக் குடித்த டம்ளர், சோப்பு போட்டுத் தேய்த்து, கூடையில் கவிழ்ந்திருந்தது. வாந்தி கிடந்த தரையில் பினாயில் வாசனை. "நாலு பேர் வந்து போற வீடு சார், அப்படியே விடலாமா?" என்றார் பெரியம்மா. தடயம் எடுக்கப் போன தடயவியல் நிபுணர் நான், ஆனாலும் அவர் மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை.

தடயவியல் என்றால் பலருக்கும் மோப்ப நாய்தான் நினைவுக்கு வருகிறது. (அது காவல் துறையின் தனிப் பிரிவு, எங்களுடையது அல்ல.) ரோமானியர்கள் வழக்கு பேசிய பொது மன்றத்தின் பெயரிலிருந்து வந்த சொல் ஃபாரன்சிக். வேதியியலோ உயிரியலோ, எதுவானாலும் கோர்ட்டில் சாட்சி சொல்லப் போனால் அது தடயவியல். அதனால்தான் இத்தனை கிளைகள்.

அந்த அறையையே எடுத்துக்கொள்ளுங்கள். கழுவாமல் விட்டிருந்தால், டம்ளரின் அடியில் ஒட்டிய சொட்டு விஷத்தை ஆராயும் நச்சியல் பிரிவுக்குப் போகும். அதன் வெளிப்புறத்து விரல் பதிவு கைரேகைப் பிரிவுக்கு. கடிதம் இருந்தால் ஆவணப் பிரிவு: கையெழுத்து அவருடையதுதானா, பேனா எங்கே தயங்கியிருக்கிறது என்று பார்ப்பார்கள். காகிதத்தில் நின்ஹைட்ரின் என்ற ரசாயனத்தைத் தடவினால் தொட்டவரின் ரேகை ஊதா நிறத்தில் தெரியும். ஐந்து உறவினர்கள் கைமாற்றிப் படித்திருந்தால் ஐந்து பேருடையதும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். ரத்தக்கறைக்கு டிஎன்ஏ பிரிவு, செல்போனுக்கு சைபர் பிரிவு.

பிரேதப் பரிசோதனை செய்வது நாங்கள் அல்ல, தடய மருத்துவம் படித்த டாக்டர். விஷம் என்று சந்தேகம் வந்தால் இரைப்பை, கல்லீரல், சிறுநீரகத்தின் பகுதிகளை அடர்த்தியான உப்புக் கரைசலில் போட்டு அனுப்புவார். விசேஷ மருந்து எதுவும் இல்லை, சமையல் உப்புதான். உடல் பாகங்களைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டால் விஷத்தைக் கண்டுபிடிப்பதே சிக்கலாகிவிடும். இப்படி விஷம் பார்க்கத்தான் 1849-இல் மதராஸில் ரசாயனப் பரிசோதனைக்கூடம் தொடங்கினார்கள். இன்றைய சென்னை ஆய்வகத்தின் வேர் அதுதான்.

என்னை அதிகம் வருத்துவது பாலித்தீன் கவர். ரத்தம் பட்ட சேலையை ஈரத்தோடு கவரில் முடிந்து கொடுப்பார்கள். இரண்டே நாளில் பூஞ்சை பிடித்து டிஎன்ஏ சிதைந்துவிடும். நிழலில் உலர்த்திக் காகிதப் பையில் போட வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர் குளிக்காமல், உடை மாற்றாமல் ஆஸ்பத்திரிக்குப் போவது நல்லது. மாற்றிவிட்டால் அந்தத் துணியைத் துவைக்காமல் எடுத்துச் செல்லுங்கள். குளித்துவிட்டாலும் பரவாயில்லை, அதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

2024 ஜூலையில் அமலான புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி, 7 ஆண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு நேரில் வர வேண்டும். இதைப் படிப்படியாக நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு 5 ஆண்டு அவகாசம். சரி, நாங்கள் வந்து சேர இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். உயிர் இருந்தால் தடயமெல்லாம் அப்புறம், முதலில் 108. இல்லையென்றால் கதவைச் சாத்திவிட்டு வாசலில் ஒருவர் நாற்காலி போட்டு உட்காரட்டும். உள்ளே ஃபேன் ஓடினால் ஓடட்டும், சுவிட்சைத் தொட வேண்டாம்.