பழைய கிட்டார் ப்ராசஸரை எடுத்ததும் பவர் கொடுக்காதீர்கள்

இசைக்கருவிகளின் எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்ப்பது என் தொழில். போன வாரம் வந்த ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் யூனிட்டின் (கிட்டார் ஒலியைப் பல விதமாக மாற்றும் பெட்டி, ப்ராசஸர் என்பதும் இதைத்தான்) மூடியைக் கழற்றியதுமே கருகிய வாடை. அடாப்டர் ஜாக்கை ஒட்டி இருந்த, மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டையோடு பிளந்து கிடந்தது. அதைத் தாண்டி, வோல்ட்டேஜைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரும் போயிருந்தது. கொண்டுவந்தவர் சொன்னதை இந்த மாதிரிப் பெட்டியோடு வருகிற எல்லோரும் சொல்கிறார்கள்: "நல்லா வேலை செஞ்சிட்டிருந்ததுங்க. படிப்பு முடிஞ்சதும் பெட்டியில வச்சேன், அப்புறம் தொடவே இல்ல. புதுசு மாதிரியே இருந்துச்சு."

இதை எழுத வைத்தது அந்தக் கடைசி வரிதான்.

பழைய ப்ராசஸர் மேல் இருக்கும் ஏக்கம் எனக்கும் புரிகிறது, அதைக் குறை சொல்ல வரவில்லை. 1988-ல் பாஸ் நிறுவனத்தின் எம்இ-5 வந்தபோது, ஐந்தாறு பெடல்களும் அவற்றுக்கு இடையில் ஓடும் வயர்களும் செய்கிற வேலையைக் காலடியில் ஒரே பெட்டி செய்தது. அதில் ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் கம்ப்ரஸரும் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனும் அனலாக். எதிரொலி மாதிரியான டிலே, கோரஸ், ரிவெர்ப் எல்லாம் டிஜிட்டல். 1990-ல் வந்த ஜூம் 9002 கிட்டார் பட்டையிலேயே மாட்டிக்கொள்ளும் அளவுக்குச் சின்னது. ஹெட்போனைப் போட்டுக்கொண்டு ராத்திரியில் யாரையும் எழுப்பாமல் வாசிக்கலாம். அப்புறம் 90-களின் நடுவில் ஜூம் 505. எத்தனையோ பேருக்கு அதுதான் முதல் ப்ராசஸர். பேட்ச் (சேமித்து வைத்த ஒலி அமைப்பு) மாற்றும்போது ஒரு கணம் ஒலி அறுந்துபோகும். நீட்டிப் பிடித்த ஸ்வரத்தின் வாலை, இரைச்சலை அடக்கும் நாய்ஸ் கேட் வெட்டிவிடும். டிஸ்டார்ஷன் தேனீக்கூட்டம் மாதிரி இரையும். இப்போது வருகிற யூனிட்டுகளில் இந்தக் குறைகள் இல்லை. ஆனால் பதினேழு வயதில் உட்கார்ந்து உட்கார்ந்து தட்டி எடுத்த அந்த பேட்ச்சும் அவற்றில் இல்லை. அதைத் திரும்பக் கேட்கத்தான் பெட்டியைத் தேடி எடுக்கிறார்கள். எடுத்த ஐந்தாவது நிமிடத்தில் தங்கள் கையாலேயே அதைச் சாகடித்துவிடுகிறார்கள். வருத்தத்தைவிட எனக்குக் கோபம்தான் அதிகம் வருகிறது.

முதலில் இந்தப் 'புதுசு மாதிரி'யைப் பார்ப்போம். பயன்படுத்தாமல் வைத்திருந்தால் தேய்மானம் இல்லை என்பது எல்லோருக்கும் இருக்கும் நம்பிக்கை. எலக்ட்ரானிக்ஸில் இது பாதிகூட உண்மை இல்லை. உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அலுமினியத் தகடு, அதன் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம், அதை நனைத்தபடி ஒரு திரவம். கெப்பாசிட்டரைக் கெப்பாசிட்டராக வைத்திருப்பது அந்தப் படலம்தான். அடிக்கடி மின்னழுத்தம் கிடைத்தால் அது தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். பல வருடம் சும்மா கிடந்தால் பலவீனமாகிவிடும். திடீரென்று முழு வோல்ட்டேஜ் கொடுக்கும்போது மின்சாரம் உள்ளே கசிந்து ஓடும், சூடாகும், சில சமயம் வாயு சேர்ந்து உப்பிவிடும். தினமும் பயன்படுத்திய யூனிட் பிழைத்திருக்கும். பத்திரமாக மூடி வைத்தது போய்விட்டிருக்கும். என் மேசைக்கு வரும் யூனிட்டுகளில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

80-களின் கடைசியிலும் 90-களின் தொடக்கத்திலும் வந்த யூனிட்டுகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. போர்டின் மேலேயே ஒட்டினாற்போல் சோல்டர் செய்யப்படும் சின்ன அலுமினியக் கெப்பாசிட்டர்கள் அப்போதுதான் பரவலாக வந்தன. அந்த ஆரம்பகாலச் சரக்கில் பலவற்றின் ரப்பர் அடைப்பு காலப்போக்கில் விட்டுக்கொடுத்துவிடுகிறது. உள்ளே இருக்கும் திரவம் கால் வழியாகக் கசிந்து செம்புத் தடங்களை அரிக்கிறது. வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சோல்டரிங் அயர்னை வைத்ததும் மீன் வாடை வரும், எங்களுக்கு அதுவே அடையாளம். யூனிட்டை யாரும் தொடாமல் இருந்தாலும் கசிவு தன்பாட்டுக்கு நடந்துகொண்டுதான் இருக்கும்.

ஸ்விட்ச்சுகளும் அப்படித்தான். அழுத்த அழுத்த உள்ளே உலோகம் ஒன்றோடொன்று உரசிச் சுத்தமாக இருக்கும். விட்டுவிட்டால் கறுத்துப்போகும். டபுள் ஏ பேட்டரியை உள்ளே விட்டுவிட்டு மூடி வைத்தவர்களைப் பற்றி என்ன சொல்ல. அந்தக் கசிவு காரத்தன்மை கொண்டது. ஸ்பிரிங்கைத் தின்றுவிட்டுப் போர்டு வரைக்கும் போகும். பயன்படுத்தாத எந்தப் பெட்டியிலும் பேட்டரியை விட்டுவைக்காதீர்கள், தயவுசெய்து.

சரி, அடாப்டருக்கு வருவோம். வருகிற கேஸ்களில் அதிகம் இதனால்தான். யூனிட் கிடைத்துவிடும், அதனோடு வந்த அடாப்டர் எங்கேயோ போயிருக்கும். வீட்டில் கிடக்கும் வேறொன்றை எடுக்கிறார்கள். பின் பொருந்துகிறது. 9 வோல்ட் என்று போட்டிருக்கிறது. சொருகிவிடுகிறார்கள். "9 வோல்ட்தானே சார்" என்று என்னிடம் வாதாடவும் செய்கிறார்கள்.

9 வோல்ட் என்பது போதாது. அது ஏசியா (திசை மாறி மாறி ஓடும் மின்சாரம்) டிசியா (ஒரே திசையில் ஓடுவது) என்று பார்க்க வேண்டும். டிசி என்றால் நடுப்பின் பாசிட்டிவா நெகட்டிவா என்று பார்க்க வேண்டும். இந்த மூன்றும் அடாப்டரின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். யூனிட்டின் ஜாக் பக்கத்திலும் பெரும்பாலும் இருக்கும். படிக்க அரை நிமிடம்கூட ஆகாது.

ஜூம் 505-க்கு 9 வோல்ட் டிசி, நடுவில் நெகட்டிவ். அலெசிஸ் குவாட்ராவெர்ப்புக்கு அதே 9 வோல்ட், ஆனால் ஏசி. டிஜிடெக் ஆர்பி வரிசையில் பல மாடல்களுக்கும் 9 வோல்ட் ஏசி. பாஸ் ஜிடி-3, ஜிடி-6, ஜிடி-8 மாதிரியானவைக்கு 14 வோல்ட் ஏசி. ஒரே நிறுவனத்தின் சின்ன பெடல்களுக்கு டிசி, பெரிய யூனிட்டுக்கு ஏசி என்பதால், "ரெண்டும் ஒரே கம்பெனிதானே" என்ற கணக்கும் செல்லாது.

ஏன் ஏசி கொடுத்தார்கள்? ஒலி ஓடும் சர்க்யூட்டுக்கு பாசிட்டிவ், நெகட்டிவ் என்று இரண்டு பக்கமும் வோல்ட்டேஜ் வேண்டும். டிஜிட்டல் பகுதிக்குத் தனியாக 5 வோல்ட் வேண்டும். ஏசி வந்தால் உள்ளே இரண்டு டையோடு, சில கெப்பாசிட்டர்களை வைத்து இந்த எல்லாவற்றையும் மலிவாக உண்டாக்கிவிடலாம். அந்த யூனிட்டில் டிசி சொருகினால் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும்தான் உயிர் பெறும். டிஸ்ப்ளே எரியும், ஒலி வராது. யூனிட் பழுது என்று முடிவு கட்டிவிடுவார்கள். இதுகூடப் பரவாயில்லை, பல சமயம் சரியான அடாப்டரை மாட்டினால் எழுந்துவிடும். தலைகீழாகச் செய்வதுதான் ஆபத்து. டிசி யூனிட்டில் ஏசி கொடுத்தால், நொடிக்கு 50 அல்லது 60 முறை தவறான திசையில் அழுத்தம் போகும். பாதுகாப்புக்கு ஒரு டையோடு இருந்தால் அது முதலில் எரியும். இல்லாவிட்டால் கெப்பாசிட்டர், ரெகுலேட்டர், அதற்குப் பின்னால் ப்ராசஸர் சிப். அந்த சிப் அந்த மாடலுக்கென்றே செய்தது. இப்போது யாரும் தயாரிப்பதில்லை. அது போனால் யூனிட் போனது போனதுதான்.

இதே இடத்தில் தேவையில்லாமல் ஒன்றுக்குப் பயப்படுகிறார்கள். ஆம்பியர் அதிகம் இருந்தால் எரிந்துவிடுமா என்று கேட்காத ஆளில்லை. எரியாது. தனக்கு வேண்டியதை மட்டும்தான் யூனிட் இழுத்துக்கொள்ளும். 300 மில்லி ஆம்பியர் கேட்கும் யூனிட்டுக்கு 1 ஆம்பியர் அடாப்டர் தாராளமாகப் போடலாம். குறைவாக இருந்தால்தான் தொல்லை: யூனிட் பாதியில் ரீஸ்டார்ட் ஆகும், அடாப்டர் சூடாகும். மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை 9 வோல்ட் டிசி அடாப்டரை எதிலும் மாட்டாமல் அளந்தால் 12, 13 காட்டும். லோடு இல்லாததால் அப்படி. அதைப் பார்த்து அடாப்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வாங்கியவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். ஜப்பான் சந்தைக்காகச் செய்த யூனிட்டும் அடாப்டரும் 100 வோல்ட்டுக்கானவை, அமெரிக்கச் சந்தையுடையவை 120-க்கு. 230 வோல்ட் பிளக்கில் ஒரு மாற்றுப் பின்னைப் போட்டுச் சொருகினால் டிரான்ஸ்ஃபார்மர் கருகும். மாற்றுப் பின் வோல்ட்டேஜை மாற்றாது.

அடுத்தது பேட்ச்சுகள். உண்மையில் நீங்கள் தேடி வந்தது இதைத்தான், ஆனால் இதைப் பற்றித்தான் யாரும் யோசிப்பதில்லை. அந்தக் காலத்து யூனிட்டுகள் பலவற்றில் நீங்கள் சேமித்த பேட்ச்சுகள் ஒரு சாதாரண ரேமில் இருக்கின்றன. மின்சாரம் நின்றால் ரேம் மறந்துவிடும். மறக்காமல் பார்த்துக்கொள்வது போர்டில் சோல்டர் செய்த ஒரு 3 வோல்ட் காசு பேட்டரி, பல யூனிட்டுகளில் சிஆர்2032. யூனிட் ஓடும்போது அந்த பேட்டரிக்கு ஓய்வு. அணைந்து கிடக்கும்போதுதான் அது வேலை செய்கிறது. அதாவது, பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்த ஒவ்வொரு நாளும் உங்கள் பேட்ச்சுகளின் ஆயுள் கரைந்துகொண்டிருந்தது.

ஆன் செய்ததும் பேட்டரி குறைந்துவிட்டது என்று எச்சரிக்கை வந்தாலும், பேட்ச்சுகள் இன்னும் இருக்கலாம். அந்தத் தருணத்தில் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பலர் செய்வது: ஏதோ வீடியோவில் பார்த்தபடி இரண்டு பட்டன்களை அழுத்திப் பிடித்து ஃபேக்டரி ரீசெட். எச்சரிக்கை அப்படியே இருக்கும், பேட்ச்சுகள் எல்லாம் போய்விடும். ஃபேக்டரி ரீசெட் பழுதுபார்ப்பு இல்லை. அது அழிப்பு. இன்னும் சிலர் நேரே பேட்டரியைப் பிடுங்கிவிடுகிறார்கள். இதே வேலையைச் செய்கிற சிலரும், வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இதைச் செய்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

யூனிட்டில் மிடி அவுட் (இசைக்கருவிகள் தரவு பரிமாறும் ஜாக்) இருந்தால், மெனுவில் பல்க் டம்ப் என்று தேடுங்கள், எல்லா பேட்ச்சையும் மொத்தமாக அனுப்பும் வசதி அது. மிடி முதல் யுஎஸ்பி கேபிள் ஒன்றும், சிஸ்எக்ஸ் தரவை (மிடி வழியாக யூனிட் அனுப்பும் அதன் சொந்தத் தகவல்) வாங்கிச் சேமிக்கும் இலவச மென்பொருள் ஒன்றும் போதும். எல்லா பேட்ச்சும் ஒரு சின்ன ஃபைலாகக் கணினிக்கு வந்துவிடும். 1983-ல் வந்த மிடி இன்றைக்கும் அப்படியே பேசுகிறது, அதை நம்பலாம். மிடி இல்லாத யூனிட் என்றால் ஒவ்வொரு பேட்ச்சின் ஒவ்வொரு திரையையும் போனில் படம் எடுங்கள். அலுப்பான வேலைதான், ஒரு மதியம் போகும். ஆனால் எந்த பேட்ச்சில் டிலே எவ்வளவு, நடுத்தர ஒலி (மிட்) எவ்வளவு என்று திரும்ப உட்கார்ந்து ஏற்றிக்கொள்ளலாம். பேட்டரி மாற்றுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

மாற்றும்போது காசு பேட்டரியின் முகத்தில் நேரடியாகச் சோல்டர் வைக்காதீர்கள். சூட்டில் லித்தியம் செல் வெடிக்கலாம். காலோடு வரும் பேட்டரி வாங்குங்கள், அல்லது ஒரு ஹோல்டரைப் பொருத்துங்கள். அடுத்த முறை அயர்னே தேவைப்படாது.

ஸ்விட்ச் வேலை செய்யவில்லை என்று துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை உள்ளே பீய்ச்சாதீர்கள். இரண்டு நாள் நன்றாக இருக்கும், அப்புறம் தூசியை இழுத்துப் பிடித்துக் களிம்பாகிவிடும். எலக்ட்ரானிக்ஸுக்கென்று கான்டாக்ட் கிளீனர் இருக்கிறது. மூடியைத் திறந்தால், ஏதாவது சிப்பின் மேல் ஒரு ஸ்டிக்கர் தெரியும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று உரிக்காதீர்கள். பழைய ஈப்ராம் சிப்புகளுக்கு மேலே கண்ணாடி ஜன்னல் உண்டு, புற ஊதா ஒளி பட்டால் உள்ளிருக்கும் மென்பொருள் அழியும். அந்த ஸ்டிக்கர் அதற்காக ஒட்டியது.

கெப்பாசிட்டரை மாற்றினால் பழைய டோன் (ஒலியின் குணம்) போய்விடும் என்று சொல்பவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பவர் சப்ளையில் இருக்கும் கெப்பாசிட்டர் உங்கள் டோன் இல்லை. அந்தக் காலத்து ரிவெர்ப் கொஞ்சம் மங்கலாக, கிட்டாருக்குப் பின்னால் போய் உட்கார்வதற்குக் காரணம் வேறு. யமஹா எஸ்பிஎக்ஸ்90-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: ஒலியை எண்ணாக மாற்ற நொடிக்கு 31,250 முறை மட்டுமே மாதிரி எடுக்கும், எஃபெக்ட் ஒலி 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போகாது. மேலே உள்ள மினுமினுப்பு அப்படியே வெட்டுப்படுகிறது. அந்தக் குணம் ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றும் கன்வர்ட்டரிலும் உள்ளே எழுதிய புரோகிராமிலும் இருக்கிறது. செத்த கெப்பாசிட்டர் சேர்ப்பது இரைச்சல் மட்டும்தான். மாற்றிக்கொள்ளுங்கள், நிம்மதியாக.

பழுது பார்ப்பவரிடம் கொடுக்கும்போது உங்கள் அடாப்டரையும் சேர்த்துக் கொடுங்கள், பாதி நேரம் காரணம் அதிலேயே இருக்கும். எதை எதைச் சொருகிப் பார்த்தீர்கள், எந்தப் பட்டனை அழுத்தினீர்கள் என்று உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். நாங்கள் திட்டமாட்டோம், தேடும் நேரம் மிச்சமாகும். பேட்ச்சுகள் முக்கியம் என்றால் அதை ஒரு தாளில் எழுதி யூனிட்டின் மேலேயே ஒட்டிவிடுங்கள். சரிசெய்யவே முடியாது என்று சொன்னாலும் குப்பையில் போடாதீர்கள். அதன் டிஸ்ப்ளேயும் சிப்பும் அதே மாடல் வைத்திருக்கும் இன்னொருவருக்குத் தேவைப்படும், அவற்றுக்கு வேறு எங்கும் உதிரிபாகம் கிடைப்பதில்லை.