சுத்தியலைக் கீழே வையுங்கள், பிக்அப்பைத் திருப்பிப் பாருங்கள்

போன மாதம் தோட்டத்துத் தம்பி ஒருவர் எலெக்ட்ரிக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் கடைக்கு வந்தார். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்தான் பிக்அப். இருந்த மூன்றில் நடு பிக்அப்பில் சத்தமே இல்லை. மின்தடை அளக்கும் மல்டிமீட்டரை வைத்தேன், அளவே காட்டவில்லை. சுருள் அறுந்துபோயிருந்தது. விசாரித்தால், சத்தம் குத்துகிறது என்று வீடியோ பார்த்து, ஆணியை வைத்துத் தட்டி காந்தங்களை வெளியே எடுத்து வேறு காந்தம் செருகியிருக்கிறார். கோவில் திருவிழாவில் வாசிக்க இரண்டு வாரம்தான் இருந்தது. சுருள் சுற்றும் இயந்திரம் என்னிடம் இல்லை. இந்த வருடம் இப்படி வந்த மூன்றாவது கிட்டார் அது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஃபெண்டர் நிறுவனம் 1954இல் கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் பழைய முறையில், ஆறு அல்னிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம்) காந்தக் குச்சிகளை மேலும் கீழும் இரண்டு தகடுகளில் செருகி, குச்சிகளின் மேலேயே கம்பியைச் சுற்றுவார்கள். கம்பியின் பருமன் ஏறக்குறைய 0.06 மில்லிமீட்டர், தலைமுடி அளவு. அது பல ஆயிரம் சுற்று. உள்சுற்று காந்தத்தை ஒட்டியே கிடப்பதால், குச்சியைத் தட்டினால் உரசி அறுந்துவிடும். இரண்டு தகடுகளையும் சேர்த்துப் பிடித்திருப்பதும் அந்தக் குச்சிகள்தான். இந்த வகையில் காந்தம் மாற்றவே கூடாது.

விலை குறைந்த கிட்டார்களில் கதை வேறு. பிக்அப்பைத் திருப்பினால் அடியில் கறுப்பாக ஒரு பட்டை ஒட்டியிருக்கும். அது செராமிக் காந்தம். மேலே தெரியும் ஆறும் வெறும் இரும்புத் துண்டுகள். பல பிக்அப்களில் அவை பிளாஸ்டிக் குழிக்குள் உட்கார்ந்திருக்கும், கம்பி அவற்றைத் தொடாது. அப்படியானால் மட்டும் துணிந்து செய்யலாம். பட்டையை முடி உலர்த்தியால் சூடாக்கி மெதுவாக நெம்புங்கள். கத்தி சுருள் பக்கம் போகக் கூடாது. பிறகு இரும்பைத் தள்ளிவிட்டு, அதே பருமனில் அல்னிகோ 5 என்ற ரகக் குச்சிகளைப் போடுங்கள். இரும்பு போனதும் சுருளின் இண்டக்டன்ஸ், அதாவது மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் தன்மை, குறையும், மேல் சுரங்கள் தெளிவாகத் திறக்கும். அந்த வித்தியாசத்தை முதன்முறை கேட்டபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அப்புறம் துருவம். பட்டையைக் கழற்றுவதற்கு முன்பே, பிக்அப்பின் மேல்பக்கம் எந்தத் துருவம் என்று பள்ளிக்கூடத் திசைகாட்டியை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். புதிய குச்சிகள் ஆறும் அதே துருவம் மேலே இருக்க வேண்டும். ஆறையும் தலைகீழாகப் போட்டால், பக்கத்து பிக்அப்போடு சேர்க்கும்போது சத்தம் மெலிந்து பொள்ளலாகிவிடும். சில கிட்டார்களில் நடு பிக்அப்பின் துருவமும் சுற்றும் திசையும் வேண்டுமென்றே எதிராக இருக்கும், மின் இரைச்சலை அடக்க. அதை ‘சரிசெய்ய’ப் போகாதீர்கள்.

வேலைக்கு முன்னும் பின்னும் மல்டிமீட்டரில் அளந்து எழுதி வையுங்கள். பெரும்பாலும் 5 முதல் 7 கிலோ ஓம் வரும். மேசையில் இரும்புத்தூள் இருக்கவே கூடாது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் காந்தங்களை எண்ணி எடுத்து வையுங்கள். இரண்டை விழுங்கிவிட்டால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துத் துளை போட்டுவிடும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய விஷயம் அது.

உண்மையில், இந்தத் தம்பிக்குக் காந்தம் மாற்றும் தேவையே இருந்திருக்காது. மற்ற இரண்டு பிக்அப்களும் தந்தியை முட்டுகிற உயரத்தில் இருந்தன. காந்தம் மிக அருகில் வந்தால் தந்தியையே இழுக்கும். தடித்த தந்தியில், மேல் ஃப்ரெட்டுகளில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) ஒரே சுரம் இரண்டாக ஆடிக் கேட்கும். பழைய வகை பிக்அப்புக்குக் தந்தியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து, தந்திக்கும் காந்தத்துக்கும் நடுவே அளந்தால், தடித்த தந்திக்கு 2.4, மெல்லிய தந்திக்கு 2 மில்லிமீட்டர் இடைவெளி போதும். பக்கத்து ஸ்க்ரூவைத் திருப்பினால் ஆயிற்று.

இரண்டையும் அங்கேயே இறக்கிக் காட்டினேன். “இவ்வளவுதானா, அண்ணே?” என்றார். செத்த பிக்அப்புக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் குழி வைத்த ஒன்று என்னிடம் இருந்தது. அதில் குச்சிகளை என் மேசையில் உட்கார்ந்து அவரே செருகினார். மல்டிமீட்டரில் முன்பும் 6.1 கிலோ ஓம், பின்பும் 6.1.