லாக் இன்: பிரித்து எழுத வேண்டிய சொல்

"ப்ளீஸ் லாகின் யுவர் அக்கவுண்ட்." திருத்தித் தரச் சொல்லி என்னிடம் வந்த ஓர் ஆங்கிலச் சுற்றறிக்கையில் ஏழு இடத்தில் இப்படி இருந்தது. ஏழிலும் இரண்டிரண்டு பிழை.

வினையாக வரும்போது லாக் இன் இரண்டு சொல். சேர்த்து எழுதினால் அது பெயர்ச்சொல். லாகின் பக்கம், லாகின் பெயர் என்று சொல்லும்போதுதான் சேர்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் இறந்த காலத்தில் வைத்துப் பாருங்கள். 'லாக்டு இன்' என்றுதான் வரும், 'லாகின்டு' என்று யாரும் எழுத மாட்டார்கள். அடுத்த பிழை, விட்டுப்போன 'டு'. 'லாக் இன் டு யுவர் அக்கவுண்ட்' என்பதே சரி. 'இன்டு' என்று சேர்த்து எழுதுவோரும் உண்டு, அதை நான் திருத்துவதில்லை. சைன் அப், பேக் அப், செட் அப் எல்லாமே வினையானால் பிரிந்துதான் நிற்கும்.

சரி, இந்த 'லாக்' எங்கிருந்து வந்தது? லாக் என்றால் மரக்கட்டை. பாய்மரக் கப்பலின் வேகத்தை அறிய, கயிறு கட்டிய மரத்துண்டு ஒன்றைப் பின்புறமிருந்து கடலில் போடுவார்கள். கட்டை ஏறக்குறைய விழுந்த இடத்திலேயே மிதக்கும். கப்பல் முன்னே போகப் போகக் கயிறு உருவிக்கொண்டு ஓடும். கயிற்றில் சம தூரத்தில் முடிச்சுகள் இருக்கும். மணற்கடிகையில் 28 விநாடி போல மணல் இறங்கி முடிவதற்குள் எத்தனை முடிச்சு கையைக் கடந்தன என்று எண்ணினால் அதுதான் வேகம். கப்பல் வேகத்தை இன்றும் முடிச்சுக் கணக்கில், 'நாட்' என்று சொல்வது இதனால்தான். அந்தக் கணக்கை எழுதி வைத்த ஏடு லாக் புக். அப்புறம் காற்று, திசை, அன்றாட நிகழ்வு எல்லாம் அதில் ஏற, லாக் என்றாலே பதிவு என்றாகிவிட்டது.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தத் தொடங்கினார்கள். கணினியில் தங்களைப் பதிந்து உள்ளே நுழைய அவர்கள் கொடுத்த கட்டளை 'லாகின்', இடைவெளி இல்லாமல். சேர்த்து எழுதும் பழக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். 1969 அக்டோபர் 29 அன்று லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையமைப்பு வழியே முதன்முதலில் அனுப்ப முயன்றதும் இதே சொல்லைத்தான். எல், ஓ என்ற இரண்டு எழுத்து போனதும் மறுமுனைக் கணினி செயலிழந்தது.

தமிழில் பெரும்பாலும் 'உள்நுழை' என்கிறோம். அதில் நுழைவது இருக்கிறது, பதிவு இல்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் வரும் 'புகுபதிகை'யில் இரண்டும் இருக்கின்றன. வெளியே வர 'விடுபதிகை'. எனக்கு மிகவும் பிடித்த இணை இது. ஆனால் வினையாக்க 'செய்' என்று ஒன்றைக் கூட்ட வேண்டியிருக்கிறது. உள்நுழைந்தேன், உள்நுழைய முடியவில்லை என்று மற்றது எளிதாக வளைகிறது. அதனால் பொத்தானில் 'உள்நுழைக', பக்கத் தலைப்பில் 'புகுபதிகை' என்று எழுதுகிறேன். 'உள்நுழைவு செய்யவும்' மட்டும் வேண்டாம், 'உள்நுழையவும்' போதும்.